தூக்குக்கு முன் அவை வணக்கம்

றெக்சனைத் தூக்கில் போடுவதா விடுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் திருகோணமலையில் எவருக்கும் இல்லை. ஆகவே அதைப் பற்றி விவாதிப்பதற்கு அங்கே ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. 'மரண தண்டனை பற்றிய மாவட்டக் கருத்தாய்வு மன்றம்' என்று பெயர். துறைமுகப் பக்கத்தில், ஒரு காலத்தில் கப்பல் சாமான் அடுக்கிவைத்த மண்டபமொன்றில் அதன் பெயர்ப்பலகை தொங்கியது. மன்றத்தின் முடிவுக்குச் சட்டவலு ஏதும் கிடையாது என்பதைப் பலகையின் கீழேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். சட்டவலு இல்லாத காரியம் என்பதால் அதில் சிறு பிழையும் வந்துவிடக் கூடாது என்று அங்கே எல்லோரும் கண்டிப்பாக இருந்தார்கள்.

றெக்சன் துறைமுகத்தை அண்டிய ஒழுங்கையொன்றில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவன். கைராசிக்காரன் என்று பெயர். நிலாவெளி ஹோட்டல்களில் தனக்கு ஆள் இருக்கிறது, வேலை எடுத்துத் தரலாம் என்று சொல்லி இரண்டு வருடத்துக்குள் நாலு பெண்களைக் கூட்டிப்போய்க் கொன்றான். நாலாவதாகப் போனவள் மெலனியின் அக்கா அஞ்சலினா. சான்றிதழ்களைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, மழை வந்தால் நனையக் கூடாதென்று அதை இன்னொரு பையால் சுற்றிக்கொண்டு போனாள். அவள் திரும்பி வராத அன்று தேடப் புறப்பட்டவர்களில் முதல் ஆள் றெக்சன். டோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு கடற்கரை முழுக்க அஞ்சலினாவின் அம்மாவுக்கு முன்னால் நடந்தான். "அழாதேங்கோ அன்ரி, எப்பிடியும் கண்டுபிடிச்சிடலாம்" என்று சொல்லி, கடையில் பிளேன்ரீ வாங்கி, சூடு ஆற்றிக் கொடுத்தான். அம்மா அதைக் குடித்தாள்.

பிடிபட்டபோது நாலு கொலையையும் ஒப்புக்கொண்டான். மூன்று பேருடைய உடல்கள் கிடைத்தன. நாலாவதைத் தேடப் போனால் வழக்கு இழுபடும், மூன்றே போதும் என்று சம்பந்தப்பட்டவர்கள் கூடிப்பேசி நாலாவது குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். நீதிமன்றம் மூன்று மரண தண்டனை விதித்தது. பல பத்து வருடங்களாக ஒருவரையும் தூக்கிலிடாத நாட்டில் ஒன்று விதிப்பதற்கும் மூன்று விதிப்பதற்கும் செலவு ஒன்றுதான். அஞ்சலினாவை எங்கே வைத்தாய் என்று மட்டும் அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அது ஒருவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

வருடாவருடம் நவம்பரில், மரித்த ஆத்துமாக்களின் திருநாளன்று, கோயில் பங்குச் சனமெல்லாம் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் கல்லறைகளில் புல் பிடுங்கி மெழுகுதிரி ஏற்றுவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்காக நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கிறது. கடலில் போனவர்கள், சண்டைக் காலத்தில் போனவர்கள் எல்லோருக்கும் அதனடியில்தான் வெளிச்சம். அம்மாவும் மொத்தமான ஒரு மெழுகுதிரியோடு போவாள். சிலுவையடி வரை போவாள். ஏற்றாமல் திரும்பிக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைப்பாள். அங்கே ஏற்றினால் மகளைக் கடலோடு விட்ட கணக்காகிவிடும் என்பது அவளுடைய எண்ணம். கரண்ட் போகும் இரவுகளிலும் அந்தத் திரியைத் தொடவிடமாட்டாள்.

ஆகவே மெலனிக்கு றெக்சனிடம் கேட்பதற்கு ஒரேயொரு சொல்தான் இருந்தது. எங்கே?

அவள் ஐஸ் கொம்பனியொன்றில் பில் எழுதுகிறவள். எதையும் ஒழுங்காகச் செய்வாள். செய்து முடித்ததும், பிழை விட்டிருப்போமோ என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பாள். லீவு எடுத்து, தெற்கே அவன் இருந்த சிறைக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகக் கதிரை கொடுத்தார். கைதி ஒரு பொது விவாதத்தின் பொருளாக இருப்பதால், விவாதம் முடியுமுன் வெளியாட்கள் அவரோடு கதைத்தால் அது நடுநிலையைக் கெடுக்கும் என்றார். கடிதம் போடலாமா என்று மெலனி கேட்டாள். கடிதமும் கதைதானே என்றார். மன்றத்தின் அனுமதியோடு வந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லையென்றும் சொன்னார்.

மன்றத்தின் செயலாளர் குணநாயகம் ஓய்வுபெற்ற அதிபர். எல்லா விவாதத்துக்கும் நடுவராக இருப்பவரும் அவர்தான். வெள்ளை அரைக்கைச் சட்டைப் பையில் இரண்டு பேனையும் ஒரு விசிலும் வைத்திருப்பார். மெலனி சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி. பிள்ளை எந்தப் பக்கம்?"

"நான் ஒரு பக்கமும் இல்லை, சேர். அவரிட்ட ஒரு கேள்வி கேக்கோணும். அவ்வளவுதான்."

"பக்கம் இல்லாமல் கேள்வி கேக்க ஏலாது, பிள்ளை. எந்தக் கேள்விக்கும் ஒரு மறுமொழி வரும். மறுமொழி வந்தால் அது ஆரோ ஒரு பக்கத்துக்குச் சாதகம். பிறகு மற்றப் பக்கத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

அதோடு, மன்றத்தில் வாய் திறப்பதற்கு ஒரு தகுதியும் வேண்டியிருந்தது. சாவைப் பற்றிப் பயிற்சியில்லாதவர்கள் கருத்துச் சொல்வதால்தான் நாடு இந்த நிலைக்கு வந்தது என்று மன்றம் கண்டுபிடித்திருந்தது. அதனால் 'கருத்துரைத்தல் மாலை வகுப்பு' ஒன்றை நடத்தி, சித்தியடைந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மெலனி அன்றைக்கே பதிந்துகொண்டாள்.

வகுப்பு ஆறு மாதம் நடந்தது. அதில் பாதிக்கு மேல் அவை வணக்கம். மேடையில் இருப்பவர்களை எந்த ஒழுங்கில் விளிப்பது, பட்டத்தை முன்னுக்குச் சொல்வதா பின்னுக்குச் சொல்வதா, பிந்தி வந்து ஏறியவரை எங்கே செருகுவது, ஒருவருடைய பெயர் விடுபட்டால் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றெல்லாம் குணநாயகம் உருகி உருகிப் படிப்பித்தார். பெயர் ஒன்று விடுபட்டால் பத்துப் புள்ளி குறையும். பிறகு சில கிழமைகள் உருக்கம். குரல் எங்கே தழுதழுக்க வேண்டும், கைக்குட்டையை எந்தப் பையில் வைத்திருக்க வேண்டும் என்பவை அதில் அடங்கும். கடைசியாக, நேரத்தில் முடித்தல். விடயம் என்ற பாடத்துக்கும் ஒரு மாலை ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்குப் பௌர்ணமிப் போயா லீவு வந்துவிட்டது.

மெலனிக்குப் பக்கத்தில் இருந்து படித்தவள் கிண்ணியாவிலிருந்து வந்த சுஹைரா. வேலை நேர்முகத்துக்கு ஒரு சான்றிதழ் கூடினால் நல்லது என்று சேர்ந்தவள். தூக்கைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்தும் இல்லை. அதனால் உருக்கத்தில் அவளுக்கு அதிக புள்ளி. மெலனி உருக்கத்தில் சித்தியடையவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னதும் அவளுக்குக் குரல் கட்டிப்போய் ஒன்றும் வெளியே வராது. தழுதழுப்பதற்கும் கட்டிப்போவதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று குணநாயகம் குறிப்பு எழுதினார்.

புள்ளி அறிவித்த அன்று முதலிடம் யாருக்கு என்று பார்க்க எல்லோரும் முண்டியடித்தார்கள். முதலாவதாக வந்தவன் றெக்சன். சிறையிலிருந்து காணொளி மூலம் தனியாக அதே வகுப்பைப் படித்திருந்தான். குணநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அவை வணக்கத்தில் ஒரு பெயர் விடுபடவில்லை என்றும், நேரத்தில் முடித்தலில் நூற்றுக்கு நூறு என்றும், சிறைச்சாலைக்காரர் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தும் ஒரு செக்கன் பிந்தவில்லை என்றும் சொன்னார். முன்னேற விரும்புகிறவர்கள் அவரைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றார்.

"பாத்தியா," என்றாள் சுஹைரா மெலனியின் காதுக்குள். "மூண்டு தூக்கு விழுந்தவன்தான் எங்கட வகுப்பில முதலாம் பிள்ளை. நானும் ஆரையாவது ஒருத்தர முடிச்சிட்டு வந்திருந்தா இரண்டாம் இடமாவது கிடைச்சிருக்கும்."

மெலனி சிரிக்கவில்லை. அவனிடம் கேட்கப்போன ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் அவன் படித்த பாடத்தையே தானும் படித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மற்றப் பாடப் புள்ளிகளால் மெலனியும் ஒருவாறு சித்தியடைந்தாள். சான்றிதழ் கையில் வந்ததும் விவாதத்துக்குத் திகதி குறித்தார்கள். 'கொலைஞன் றெக்சனுக்கு உகந்தது தூக்கே, ஆயுளே' என்பது தலைப்பு. தூக்கு அணியின் தலைவர் சட்டத்தரணி தில்லைநடேசன். ஆயுள் அணியின் தலைவர் தொண்டு நிறுவனமொன்றின் இணைப்பாளர் றுமைஸ். இரண்டு அணியும் றெக்சனின் வாழ்க்கை வரலாற்றை ஆளுக்கொரு புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டன. தூக்கு அணியின் புத்தகத்தில் அவன் ஐந்து வயதில் நண்டுகளின் காலை ஒவ்வொன்றாக முறித்தான். ஆயுள் அணியின் புத்தகத்தில் அதே வயதில், அதே கரையில், வலையில் சிக்கிய நண்டைக் கண்ணீரோடு விடுவித்தான். இரண்டு புத்தகத்தின் அட்டையிலும் சின்ன வயதில் கோயிலில் முதல்நன்மை வாங்கியபோது எடுத்த அவனுடைய படம் இருந்தது. ஸ்ரூடியோக்காரரிடம் அந்த ஒரு படந்தான் கிடைத்ததாம். அஞ்சலினாவின் பெயர் இரண்டிலும் இல்லை. தண்டனை விழாத கொலை என்றபடியால் இரண்டு அணிக்கும் அதனால் பயனில்லை.

மெலனி முதலில் தில்லைநடேசனிடம் போனாள். பாதிக்கப்பட்ட குடும்பம் என்றதும் அவர் எழுந்து நின்று வரவேற்றார். அவளுடைய இடம் தன்னுடைய பக்கம்தான் என்றார். கேள்வியைச் சொன்னதும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"அதை மட்டும் கேளாதேங்கோ, பிள்ளை. கேட்டு, அவர் இடத்தைச் சொல்லிப்போட்டால் மனம் திருந்திட்டார் எண்டு அந்தப் பக்கம் கொட்டி முழக்கும். எங்களுக்கு அவர் வாய் திறவாமல் இருக்கிறதுதான் பலம். தூக்கு விழட்டும், பிறகு ஆறுதலாக் கேப்பம்."

"தூக்கு விழுந்தாப் பிறகு எப்பிடிக் கேக்கிறது, சேர்?"

அவர் அதை யோசித்துப் பார்த்திருக்கவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லி, தன் மறுப்புரைக்குக் குறித்துக்கொண்டார்.

றுமைஸ் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, தேத்தண்ணியும் வடையும் எடுப்பித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. றெக்சன் இடத்தைச் சொல்ல எப்போதோ தயாராகிவிட்டானாம். போன வருடமே சொல்ல வெளிக்கிட்டவனைத் தாங்கள்தான் மறித்து வைத்திருக்கிறோம் என்று, வெயிலில் காய்கிற கருவாட்டுக்குக் காவல் இருப்பவரைப்போல ஒரு பொறுப்போடு சொன்னார்.

"ஏன் மறிச்சனீங்கள்?" என்று கேட்டாள் மெலனி.

"தங்கச்சி, அது ஒரு மூலையில, ஆரும் கேளாத நேரத்தில சொல்லுற விஷயமா? மேடையில, கடைசிக் கட்டத்தில, முழுச் சனத்துக்கும் முன்னால சொல்லோணும். ஒரு மனிசன் உள்ளுக்க இருந்து மாறியிருக்கிறான் எண்டு சபை அப்பத்தான் உணரும். அதுதான் எங்கட அணியின்ர உச்சம். நீங்க எங்களுக்காக இல்லாட்டியும் அந்த உச்சத்துக்காகக் கொஞ்சம் பொறுங்க."

அஞ்சலினா போய் ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கிழமை பொறுப்பது பெரிதாக இருக்காது என்று றுமைஸ் நினைத்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை.

எந்தப் பக்கத்திலும் சேராத ஒருத்தியை என்ன செய்வது என்று மன்றம் கூடிப் பேசியது. குணநாயகம் வழி கண்டார். பக்கம் இல்லாதவருக்கு மன்றத்தில் ஒரேயொரு ஆசனம்தான் உண்டு. அது நேரக்கணிப்பாளருடைய ஆசனம். மேடைக்குக் கீழே ஒரு மேசை, ஒரு நிறுத்தற்கடிகாரம், ஒரு கைமணி. ஒரு நிமிடம் இருக்கும்போது முதல் மணி, முடிந்ததும் இறுதி மணி. மணி அடித்த பிறகு எவர் பேசினாலும் அது பேசாததற்குச் சமம். ஐஸ் கொம்பனியில் நிறை பிசகாமல் பில் எழுதுகிற பிள்ளைக்கு இது பொருத்தம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மெலனியும் ஏற்றுக்கொண்டாள். அவன் அந்த இடத்தைச் சொல்லும்போது மண்டபத்திலேயே கிட்டவாக இருந்து கேட்கலாம் என்று நினைத்தாள்.

விவாதத்தன்று அம்மா தன் ஒரேயொரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் அவளுடைய நெஞ்சில் 'பாதிக்கப்பட்டோர்' என்று ஒரு மஞ்சள் பட்டி குத்தி, முன்வரிசையில் இருத்தினார்கள். மற்ற மூன்று குடும்பமும் அதே வரிசையில் அதே பட்டியோடு இருந்தன. அவர்களுக்கு முன்னால் ஒரு கமரா நின்றது. அழுதால் படம்பிடிக்க வசதியாக அவர்கள் பக்கம் இரண்டு லைற் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அம்மா வெளிச்சம் தாங்காமல் முந்தானையால் கண்ணை மறைத்தாள். கமராக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார்.

விளக்கேற்றல் நீண்டது. குத்துவிளக்கில் ஐந்து முகம். வந்த பிரமுகர்கள் எட்டுப்பேர். மூன்று பேர் மற்றவர்கள் ஏற்றிய முகத்தையே மறுபடி ஏற்றினார்கள். நாலு மதத்தவரும் ஆசி சொன்னார்கள். அதற்குள் இன்னும் மூன்று பிரமுகர்கள் வந்து சேர, அவர்களுக்காகக் கதிரைகள் மேடைக்கு ஏறின. கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்துவிட்டு, குணநாயகம் குனிந்து, நிகழ்ச்சி பிந்துகிறபடியால் அதை இருபது செக்கனில் முடித்துவிடும்படி மெலனியிடம் சொன்னார். மௌனம் முடிய அவள்தான் மணி அடித்தாள். அம்மா அதற்குப் பிறகும் எழுந்தபடியே நின்றாள். ஒருவர் வந்து தோளைத் தொட்டு இருத்தினார்.

தில்லைநடேசன் முழங்கினார். இரத்தத்துக்கு இரத்தம் கேட்பது பழிவாங்கல் அல்ல, சமநிலை என்றார். முன்வரிசையைக் கையால் காட்டி, இந்தத் தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்கக் கயிறு ஒன்றைத் தவிர வேறு துணி இல்லை என்றார். சனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் மனம் நெகிழ்ந்தோ என்னவோ, கையிலிருந்த குறிப்பை மறந்து உண்மையும் பேசினார்.

"எனக்கு றெக்சனோட தனிப்பட்ட கோபம் ஏதும் கிடையாது என்பதை இந்த அவைக்குச் சொல்லிக்கொள்கிறேன். போன வருடம் சீட்டுக் குலுக்கினபோது எனக்கு ஆயுள் விழுந்திருந்தால் அவருக்காக இதைவிட உருக்கமாகப் பேசியிருப்பேன். நண்பர் றுமைஸ் அதற்குச் சாட்சி."

றுமைஸ் எழுந்து தலையாட்டினார். தன் முறை வந்ததும் அவரும் அதே பெருந்தன்மையோடு தொடங்கினார். தனக்குத் தூக்குத்தான் விருப்பமாக இருந்தது, சீட்டு மாறி விழுந்துவிட்டது, ஆனால் கிடைத்த பக்கத்துக்கு நூறு வீதம் உழைப்பதுதான் தன் கொள்கை என்றார். உயிரின் மதிப்பைப் பற்றி அருமையாகப் பேசினார். ஒரு உயிரையும் வீணாக்க இந்தச் சமூகத்துக்கு வசதியில்லை என்றார். றெக்சனை உயிரோடு வைத்திருந்தால் வருடம் ஒருமுறையாவது இப்படியொரு விவாதத்தை நடத்தலாம் என்பதையும், போட்டுவிட்டால் அடுத்த வருடம் வேறு ஆள் தேட வேண்டும் என்பதையும் சபையின் சிந்தனைக்கு விட்டார்.

மெலனி எல்லோருக்கும் நேரத்துக்கு மணி அடித்தாள். ஒருவருக்கும் ஒரு செக்கன் கூட்டியோ குறைத்தோ அடிக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து மணியின் பிடி வழுக்கியது. பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பிடித்தாள்.

பிறகு மேடையின் பின்சுவரில் வெள்ளைத் துணியில் றெக்சன் தோன்றினான். வெள்ளைச் சேர்ட் போட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். சற்றுக் கொழுத்திருந்தான். மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அம்மா முந்தானையை இறக்கிவிட்டு, லைற் வெளிச்சத்துக்குள் நேரே அவனைப் பார்த்தாள்.

மெலனி நிறுத்தற்கடிகாரத்தை அமத்தி ஓடவிட்டாள்.

"அனைவருக்கும் வணக்கம்," என்றான் றெக்சன். குரல் நிதானமாக இருந்தது. "இன்றைய நிகழ்வின் நடுவராகவும், மன்றத்தின் செயலாளராகவும், என் ஆசானாகவும் விளங்கும் பெருமதிப்புக்குரிய ஓய்வுநிலை அதிபர் குணநாயகம் ஐயா அவர்களே..."

குணநாயகம் கண்ணை மூடித் தலையசைத்தார். அதன் பிறகு அவன் பிரதம விருந்தினரை விளித்தான். சிறப்பு விருந்தினர்களை விளித்தான். நாலு மதப் பெரியார்களையும் உரிய பட்டங்களோடு விளித்தான். இரண்டு அணித் தலைவர்களையும், அவர்களுடைய அணியினரையும், ஒலிபெருக்கி தந்துதவியவரையும் விளித்தான். பிந்தி வந்த மூன்று பிரமுகர்களின் பெயர்களைச் சிறைச்சாலைக்காரர் ஒரு துண்டில் எழுதி நீட்டினார். அதை வாசித்து, இடம் பிசகாமல், உரிய இடத்தில் செருகினான். சபையில் அறிந்தவர்கள் வியந்து உச்சுக்கொட்டினார்கள். பாடத்தில் இருந்ததிலேயே கடினமான பகுதி அது.

பெயர்கள் நீண்டுகொண்டு போகப் போக மெலனி மணியைக் கையில் எடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், அவனுடைய வாயைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் இருக்கும்போது முதல் மணி. அடிப்பதா விடுவதா என்று தெரியவில்லை. அடித்தால் பதறுவானோ, அடிக்காவிட்டால் இழுத்துக்கொண்டே இருப்பானோ? அடித்தாள்.

றெக்சன் மணியைக் கேட்டான். விளித்துக்கொண்டிருந்த பெயரை முடித்தான். "பாதிக்கப்பட்ட என் அன்புத் தாய்மார்களே, நேரத்தைக் கணிக்கும் சகோதரியே," என்று மிச்ச இரண்டையும் சேர்த்துச் சொல்லி, மூச்சு வாங்கினான். அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் அவனிடம் எழுதிவைத்த முன்னுரை ஒன்று இருந்தது. தன் சிறுவயது, நண்டு, வலை, கண்ணீர். றுமைஸ் எழுதிக் கொடுத்தது. அதை விடாமல் சொன்னான். நண்டு கடலுக்குள் போய்ச் சேரும்போது கடைசிச் செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்றைக்கு நான் ஒரு உண்மையைச் சொல்லப்போறன்," என்றான். மேடைத் தமிழ் கழன்று விழுந்து ஊர்க்குரல் வந்தது. "நாலாவது பிள்ளை, அஞ்சலினா. அன்ரி, உங்கட மகள். நிலாவெளியில, பழைய கரைவலை வாடிக்குப் பின்னால ஒரு கிணறு இருக்கு. அந்தக் கிணத்தடியில நிண்டு, பனையைப் பாத்து..."

நேரம் முடிந்தது.

மெலனி மணியின் நாக்கைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். நகம் உள்ளங்கைக்குள் இறங்கியது. அடிக்கமாட்டேன். இன்றைக்கு முழுக்க அவன் பேசட்டும், அடிக்கமாட்டேன்.

றெக்சன் தனக்கு எதிரே எங்கோ சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். வாயை மூடினான். கைகூப்பினான்.

"நேரம் நிறைவடைந்துவிட்டது. வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்."

துணி வெள்ளையாயிற்று.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மெலனி மேசையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். அவளுக்கு ஆறு மாதம் படித்ததில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

"மணி அடிக்கேல்லை, சேர். நான் மணி அடிக்கேல்லை. அவரைத் திருப்பிக் கூப்பிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொல்லுங்கோ."

"பிள்ளை இருங்கோ," என்றார் குணநாயகம் ஒலிபெருக்கியில், அன்பாக. "நேரக்கணிப்பாளருக்குப் பேச்சுரிமை இல்லை."

பிறகு அவர் தீர்ப்புரை வழங்கினார். குரல் தழுதழுக்க வேண்டிய இடங்களில் தழுதழுத்தது.

"மணி அடிக்கவில்லை என்று நேரக்கணிப்பாளரே சொல்கிறார். அப்படியென்றால், மணி இல்லாமலே, எவரும் நிறுத்தச் சொல்லாமலே ஒரு மனிதன் தன்னைத் தானே நிறுத்தியிருக்கிறான். நாற்பது வருடம் படிப்பித்தேன். நேரத்தை இப்படி மதித்த ஒரு மாணவனைக் காணவில்லை. கடைசி வசனத்தைக்கூடத் தியாகம் செய்தானே! அவன் எதைச் சொல்ல வந்தான் என்பது முக்கியமல்ல. எங்கே நிறுத்தினான் என்பதுதான் முக்கியம். இந்த மனிதன் திருந்திவிட்டான். ஆயுள் அணி வென்றது."

கைதட்டல் ஓயுமுன் தில்லைநடேசன் எழுந்தார். இறுதி மணி அடிக்கப்படாத உரை விதிப்படி முடிந்த உரை அல்ல, முடியாத உரையைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார். குணநாயகம் விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். ஆட்சேபணை சரியாக இருந்தது. தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டு, விவாதம் அடுத்த வருடம் மீண்டும் நடத்தப்படும் என்று அறிவித்தார். அதுவரை நடுநிலையைப் பேணும் பொருட்டு எவரும் கைதியோடு தொடர்புகொள்ளக் கூடாது என்பதையும் நினைவூட்டினார். கடமை தவறிய நேரக்கணிப்பாளர் அன்றோடு நீக்கப்பட்டார். பங்குபற்றிய எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு. றெக்சனுடையதைத் தபாலில் அனுப்பினார்கள்.

வாசலில் றுமைஸ் மெலனியைத் தேடி வந்தார். அவருக்கு உண்மையிலேயே கவலை.

"அடுத்த முறை முன்னுரையைக் குறைச்சிடுவம், தங்கச்சி. நண்டை எடுத்திடலாம்."

"விளிக்கிற பேரையும் குறையுங்கோவன்," என்றாள் மெலனி.

"அது ஏலாது," என்றார் றுமைஸ். "ஆக்கள் கோவிப்பாங்க."

சுஹைரா அம்மாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவின் நெஞ்சில் மஞ்சள் பட்டி இன்னும் இருந்தது. ஓட்டோவுக்குள் ஏறியதும் அம்மா மெலனியின் பக்கம் திரும்பினாள். மணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எந்தப் பனை எண்டு சொன்னவன்?"

"சொல்லேல்லை, அம்மா."

பொலிசுக்குப் போனார்கள். பாதியில் நின்ற வசனத்தை வாக்குமூலமாக எடுக்க ஏலாது, முழு வசனமாகக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் நவம்பர் வந்துவிட்டது.

திருநாளன்று அம்மா சேமக்காலைக்குப் போகவில்லை. அலுமாரியைத் திறந்து மெழுகுதிரியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். இருவரும் நிலாவெளி பஸ்ஸில் ஏறி, ஹோட்டல்கள் முடிகிற இடம் தாண்டி இறங்கி, மணலில் நடந்தார்கள். மீன்காரரின் பழைய வாடிக் கொட்டில் கூரையில்லாமல் நின்றது. பின்னால் கிணறு இருந்தது; றெக்சன் அதில் பொய் சொல்லவில்லை. கட்டு இடிந்து, உள்ளே நாணல் முளைத்திருந்தது. மெலனி கிணற்றடியில் நின்று பார்த்தாள்.

ஐந்து பனை நின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில்.

"நான்தான் அம்மா பிழை விட்டனான்," என்றாள். "முதல் மணியை அடிக்காமல் விட்டிருக்கோணும். அல்லது கொஞ்சம் முந்தி அடிச்சிருக்கோணும். அவன் அந்த நண்டை விட்டிருப்பான்."

அம்மா கைப்பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தாள். ஐந்து வருடமாக அலுமாரிக்குள் இருந்து அது சற்று வளைந்திருந்தது. முழங்காலில் வைத்து முறித்தாள். உள்ளே திரிநூல் அறாமல் தொங்கியது. பல்லால் கடித்து அறுத்தாள். மறுபடி முறித்தாள். ஐந்து துண்டாகும்வரை முறித்தாள். ஒவ்வொரு துண்டின் நுனியிலும் மெழுகை நகத்தால் சுரண்டி நூலை வெளியே எடுத்து, ஒவ்வொரு பனையின் அடியிலும் ஒன்றாகக் குத்தினாள்.

கடற்காற்று அடித்தது. மெலனி நெருப்புப்பெட்டியோடு ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஓடினாள். மூன்றாவதை ஏற்றும்போது முதலாவது அணைந்தது. திரும்பிப் போய் அதை ஏற்ற, இரண்டாவது அணைந்தது. அம்மா கிணற்றுக் கட்டில் இருந்து, கையைக் கூப்பிக்கொண்டு, எல்லாம் ஒருதரம் சேர்ந்து எரியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் மகளின் பெயரைச் சொல்லிச் செபத்தைத் தொடங்க வேண்டும் என்று இருந்தாள்.